கைப்பழக்கம்: ஒழுகும் ஹீட்டரும் ஓடும் வீடும்



கார்த்திகை பிறந்துவிட்டது. கம்பளிகள் பெட்டியினின்றும் வெளிவரும் காலம் இது. தெற்கே பிறந்து பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய நமக்கு, வெப்பம் என்பது ஊரில் இருந்தவரையில் தப்பி ஓடவேண்டிய ஒன்றாக இருந்தது. இங்கோ அதனைத் தேடிச் சேர்த்துக் காக்க வேண்டியிருக்கிறது. பழகாத பொருளைக் கையாளும்போது பிழை நேர்வது இயல்பு. அத்தகைய பிழை ஒன்றைச் சென்ற ஆண்டு நாமே இழைத்தோம். மறைத்து வைப்பதால் பயன் இல்லை. எழுதி வைத்தால் பிறருக்கேனும் உதவும்.

நம் அன்னையார் ஊரிலிருந்து அம்பாலாவுக்கு வந்து நம்முடன் ஓராண்டு தங்கியிருந்தார்கள். எழுபது வயதைக் கடந்த அவர்களுக்கு ஒரே ஓர் ஆசை. இமயத்தின் பனியை ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதே அது. ரயில்வேயில் வேலை பார்ப்பவனுக்குக் கால்கா–சிம்லா ரயில் இருக்க வேறு வண்டி எதற்கு என்று நண்பர்கள் நகைத்தனர். 1903-ஆம் ஆண்டு தொடங்கி ஓடும் அந்தச் சிறு ரயிலின் பெருமை நாம் அறியாததன்று. 96 கிலோமீட்டர் தூரத்தை அது ஏறும் அழகே அழகு. எனினும் அதன் பாதை சிம்லாவோடு முடிகிறது. நாம் காட்ட விரும்பிய நார்கண்டா அதற்கப்பால் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், 2,700 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலும் அன்னையாரின் முழங்கால் நெடுநேரம் மடங்கி இருக்க மறுத்தது. ஒன்றரை மணிக்கு ஒருமுறை கால் நீட்டிப் படுத்தெழ வேண்டும். இதற்குத் தோதானது சொந்த வண்டியே என்று முடிவு செய்தோம்.

அவ்வாறு வாங்கியதுதான் 2009-ஆம் ஆண்டில் பதிவான பழைய மாருதி ஆம்னி. 1984-இல் சாலைக்கு வந்து 2019-இல் உற்பத்தி நின்றுபோன இவ்வண்டியை அறியாதார் இலர். 796 சி.சி. கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இயந்திரம் முன்னிருக்கைகளின் கீழ் அமைந்திருக்கும். பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுகள் இருப்பதால் முதியோர் ஏறி இறங்க எளிது. முந்தைய உரிமையாளர் பதினைந்து ஆண்டு முடிந்ததும் முறைப்படி பதிவைப் புதுப்பித்து வைத்திருந்தார். அத்துடன், பின்னால் அமர்வோருக்காக முன்னிருக்கையின் பின்புறத்தில், தரையோடு ஒட்டி, ஒரு ஹீட்டரையும் தனியே வாங்கிப் பொருத்தியிருந்தார். நம் கதை இந்த ஹீட்டரிலிருந்து தொடங்குகிறது.

வண்டி ஹீட்டர் என்றதும் வீட்டிலுள்ள மின்சார ஹீட்டரைப் போலக் கம்பி சிவந்து எரியும் என்று எண்ண வேண்டா. இயந்திரம் ஓடுங்கால் அதன் சூட்டைத் தணிக்கும்பொருட்டு ஒரு நீர்மம் உள்ளே சுற்றி வருகிறது. இதனையே கூலண்ட் என்கிறோம். இயந்திரத்தைத் தொட்டு வரும்போது இது ஏறக்குறைய 80 அல்லது 90 டிகிரி வெப்பத்தில் இருக்கும். இதில் ஒரு பகுதியை இரண்டு ரப்பர் குழாய்களின் வழியே சிறு பெட்டிக்குள் செலுத்துகின்றனர். அப்பெட்டிக்குள் நுண்ணிய குழல்களும் தகடுகளும் அடுக்கப்பட்டிருக்கும். பின்னாலிருந்து விசிறி காற்றைத் தள்ளும். காற்று சூடாகி வெளிவரும். வீணே வெளியேறும் வெப்பத்தை உள்ளே திருப்பிவிடும் ஏற்பாடு இது. தனிச் செலவு கிடையாது. ஆனால் அந்த நுண்குழல்களில் ஒன்று அரித்துவிட்டால், இயந்திரத்தின் உயிர்நீர் நம் காலடியில் ஒழுகத் தொடங்கும்.

வாங்கிய நாளிலேயே மூன்று குறிகள் தென்பட்டன. வண்டிக்குள் ஒருவகைத் தித்திப்பு வாடை வீசியது. ஹீட்டரைப் போட்டால் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் பூச்சுப்போல் மங்கியது. கூலண்ட் சேமிப்புக் குடுவையில் மட்டம் வாரத்துக்கு விரற்கடை அளவு குறைந்தது. விற்றவரைக் கேட்டதற்கு, “பழைய வண்டி, பாபுஜி! இரண்டு கரண்டி மஞ்சள் தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும். நான் அப்படித்தான் ஓட்டினேன்” என்றார். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றும் இந்த வழக்கம் நம் நாட்டு லாரி ஓட்டுநர்களிடையே நெடுநாளாக உள்ளதே. நடுக்காட்டில் நின்றுவிட்ட வண்டியைப் பட்டறை வரையில் கொண்டுசேர்க்க அது உதவலாம், நிலையான மருந்தாகாது. துளையை அடைக்கும் அதே தூள் நுண்குழலையும் அடைக்கும்.

இவையெல்லாம் தெரிந்திருந்தும் நாம் செய்தது என்ன? குழாயின் பிடிவளையத்தைத் திருகிக்கொண்டு இறுக்கினோம். குடுவையில் குழாய்நீரை ஊற்றி நிரப்பினோம். ஒழுக்கு நின்றுவிட்டதாக மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, உள் அலங்காரத்தில் இறங்கினோம். அலங்கரிப்பது இன்பமான வேலை. ஒழுக்கைத் தேடுவது சலிப்பான வேலை. மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ!

தரைக்குச் சாதாரண ஒட்டுப்பலகை வெட்டிப் போட்டோம். அதன்மேல் பஞ்சுத் தகடு. அதன்மேல் பூப்போட்ட விரிப்பு. மடக்குப் படுக்கைக்குப் பலகைகள் செய்தோம். இல்லாள் தமது பழைய மதுரைச் சுங்குடிப் புடவையைக் கிழித்துத் திரை தைத்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை முடிந்தது. பார்த்தவர் எல்லாரும் புகழ்ந்தனர். நமக்கும் சற்றே தலைக்கனம் ஏறியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

பத்து நாள் கழிந்தது. ஒரு மாலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். நான்கு வயது நிரம்பிய நம் சிறுமி உள்ளே அமர்ந்து பொம்மையைத் தூங்கவைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென, “இங்கே பாருங்கள்!” என்று இல்லாள் அலறும் குரல் கேட்டது. ஓடிப் பார்த்தோம். விரிப்பின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஈரம் கசிந்திருந்தது. குழந்தையின் விரல்களும் பச்சையாயிருந்தன. அவ்விரலை அவள் வாயருகே கொண்டுசெல்லும் நேரத்தில் தாய் கையைப் பிடித்திருக்கிறார். “இனிப்பு மணமாக இருக்கிறதே, அம்மா” என்றாளாம் குழந்தை.

நேயர்கள் இவ்விடத்தைக் கருத்துடன் படிக்க வேண்டுகிறோம். கூலண்டில் பெரும்பாலும் கலந்திருப்பது எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருள். அது இனிக்கும், அதே நேரத்தில் கொடிய நஞ்சு. வயிற்றுக்குள் சென்றால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உயிருக்கும் உலை வைக்கும். சிறு பிள்ளைகளும் தெருநாய்களும் இனிப்பென்று நக்கிவிடும் ஆபத்து உண்டு. ஒருவேளை விழுங்கிவிட்டதாக ஐயம் எழுந்தால், வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுப்பது போன்ற கைவைத்தியங்களில் காலம் கடத்தாமல், கூலண்ட் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நம் குழந்தை நல்வினைப் பயனால் விழுங்கவில்லை. கையையும் முகத்தையும் சோப்பிட்டுக் கழுவினோம். அன்றிரவு முழுதும் அவள் முகத்தைப் பார்த்தபடியே உறங்காதிருந்தோம்.

மறுநாட் காலை தரையைப் பெயர்த்தோம். பூவிரிப்பின் கீழ்ப் பஞ்சு முழுதும் ஊறிக்கிடந்தது. ஒட்டுப்பலகை அடுக்கடுக்காகப் பிரிந்து உப்பியிருந்தது. அதற்கும் கீழே இரும்புத் தரை துருவேறிச் செதில் செதிலாய் உதிர்ந்தது. அன்னையார் வாசற்படியில் அமர்ந்து இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “கூரை ஒழுகுகிறபோது தரையிலே கோலம் போடுவார்களா, தம்பி?” என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு நம்மிடம் விடையில்லை.

நிற்க. இனி முறையாக எப்படிச் செய்தோம் என்பதைக் கூறுவோம்.

முதலில் இயந்திரம் நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பெரும் பிழை. உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட நீர் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும். ஆறிய பின்னர், நமக்கு வாய்த்த பஞ்சாபி மிஸ்திரி மூடி இருக்குமிடத்தில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடியில் பொறித்திருந்த 0.9 என்னும் அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். ஒழுக்கு இல்லாவிடில் முள் அசையாது நிற்கும். நம் வண்டியில் பத்தே நிமிடத்தில் முள் பாதியாக இறங்கியது. அதற்குள் ஒவ்வொரு மூட்டின் அடியிலும் வெள்ளைத் தாளைப் பரப்பி வைத்தார். குழாய்மூட்டுகளின் கீழிருந்த தாள்கள் உலர்ந்தே இருந்தன. ஹீட்டர்ப் பெட்டியின் கீழிருந்த தாளில் மட்டும் பச்சைப் பொட்டு விழுந்தது. நாம் இறுக்கிய பிடிவளையம் ஒரு குற்றமும் செய்யவில்லை. எதனைச் சந்தேகித்தோமோ அது நிரபராதி. எதனை அலங்காரப் பலகையால் மூடினோமோ அதுவே குற்றவாளி.

பெட்டியைக் கழற்றி ரேடியேட்டர்ப் பட்டறையில் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடைத்தனர். ஓரத்துப் பற்றுவாயிலிருந்து குமிழிகள் வரிசையாக வந்தன. உட்புறத்தைக் கழுவியபோது மஞ்சள் தூளும் சுண்ணாம்புப் படிவும் சேறாகக் கொட்டின. ஈயப்பற்று வைத்துத் தந்த மிஸ்திரி, “பாபுஜி, இந்தப் பற்று நிற்கும். ஆனால் குழல் எல்லாம் மெலிந்துவிட்டது. வேறிடத்தில் விட்டுக்கொண்டால் என்மேல் வருத்தப்படாதீர்கள்” என்று நேர்மையாகவே சொன்னார்.

இம்முறை நாம் அவசரப்படவில்லை. தரையைத் திறந்தபடியே வைத்து, நாள்தோறும் காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும் வேளையில், குடுவையின் மட்டத்தைப் பென்சிலால் குறித்துத் தேதியிட்டோம். அலுவலகத்தில் பதிவேடு எழுதும் கைக்கு இது பெரிய காரியமன்று. பதினொரு நாள் கோடு நகரவில்லை. பன்னிரண்டாம் நாள் சற்று இறங்கியது. தொட்டுப் பார்த்ததில் பெட்டியின் மறுபுறம் ஈரம்! முன்போல் மூடியிருந்தால் இரண்டாம் தரையும் பாழாகியிருக்கும். மேலும் தயங்காமல் புதிய பெட்டியே வாங்கிப் பொருத்தினோம். இரண்டு ரப்பர் குழாய்களையும் பிடிவளையங்களையும் உடன் மாற்றினோம். குழாய்நீரை ஒழித்து, காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சம அளவில் கலந்து ஊற்றினோம். இக்கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரையில் உறையாது, துருவையும் தடுக்கும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரோ உள்ளே படிவுகட்டி உலோகத்தைத் தின்றுவிடும். வடித்த பழைய நீரைச் சாக்கடையில் கொட்டாமல், தகர டப்பாவில் அடைத்து, ‘நஞ்சு’ என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிப் பட்டறையில் ஒப்படைத்தோம்.

புதிய பெட்டி வருவதற்கு முன், ஹீட்டரே வேண்டா என்று ஒதுக்கி, இரு குழாய்களையும் நேரே இணைத்துவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. அது தவறன்று, வண்டி ஓடும், குளிர்தான் காயும். அப்போது நம்மிடத்து மிகுந்த அன்புடைய பெரியவர் ஒருவர், “கவலை எதற்கு, தம்பி? ஒரு கணப்புச் சட்டியில் நாலு கரித்துண்டைப் போட்டுப் பின்னால் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கதகதப்பாக இருக்கும்” என்றார். இப்பக்கத்தார் அங்கீட்டி என்று வழங்கும் சட்டியைத்தான் அவர் குறித்தார். அன்பினால் சொன்ன சொல்லேயானாலும் அதனைக் கேட்டிருந்தால் இக்கட்டுரையை எழுத நாம் இருந்திருக்கமாட்டோம்.

அடைத்த இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்கவும் செய்யாது. இரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தில், அதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலுடன் இது ஒட்டிக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் வரும். உறக்கம் என்று எண்ணிக் கண்ணை மூடுவோர் பின்னர் விழிப்பதில்லை. கதவடைத்த அறையில் அங்கீட்டி வைத்து உறங்கிக் குடும்பமே மாண்ட செய்தி குளிர்காலந்தோறும் வடநாட்டுப் பத்திரிகைகளில் வருகிறது. நம் ஊரில் அடுப்புப் புகை ஓட்டின் இடுக்கு வழியே போய்விடும். ஆதலால் இந்த அச்சம் நம்மவர்க்குப் பழக்கமில்லை. இங்கோ சன்னலின் இடுக்கையும் துணி திணித்து அடைக்கிறோம். வண்டிக்குள்ளும் சரி, அறைக்குள்ளும் சரி, கரிச்சட்டி ஆகாது. இயந்திரத்தை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நின்ற வண்டியில் உறங்குவதும் ஆகாது. புகைக்குழாயில் ஒழுக்கு இருப்பின் அதே வாயு உள்ளே நுழையும்.

இது குளியலறைக்கும் பொருந்தும். காஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டுவது இவ்வகை ஆபத்தே. அதன் இடம் வெளிச்சுவர். மின்சாரக் கீசர் ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். நீர் காயும்போது மட்டும் பாதுகாப்பு வால்வில் சில துளிகள் சொட்டுவது விரிவடையும் நீருக்கு வழிவிடும் இயல்பான செயல். அதனை ஒழுக்கென்று கருதி ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். உடற்பகுதியிலிருந்தே சொட்டுமாயின் தொட்டி அரித்துவிட்டது என்பது பொருள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆளை அழையுங்கள்.

மீண்டும் வண்டிக்கு வருவோம். புதிய ஹீட்டர் பொருத்தியபின் மூன்று வாரம் குடுவையின் கோடு அசையவில்லை. அதன் பிறகே தரையைத் தொட்டோம். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்தெடுத்து, ரெட் ஆக்சைடு பூசி உலர்த்தி, மேலே எனாமல் வர்ணம் இருமுறை அடித்தோம். இம்முறை பலகை ஐ.எஸ். 710 முத்திரையுள்ள நீர்தாங்கும் வகை. ஈரம் உறிஞ்சாத மூடுநுரைத் தகட்டை அதன்கீழ் விரித்தோம். ஹீட்டர் இருக்குமிடத்தில் மட்டும் ஒரு சாண் சதுரத்துக்குப் பலகையைத் தனித்துண்டாக வெட்டி, திருகாணியின்றித் தூக்கிப் பார்க்கும் வகையில் வைத்தோம். இந்த ஒரு சாண் மூடியே நம் வேலை அனைத்திலும் சிறந்தது என்று கருதுகிறோம்.

படுக்கையை வண்டியோடு பிணைக்கவில்லை. இருக்கைகளை அகற்றுவதும் உடலை வெட்டுவதும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணாகலாம். ஆகவே கீல் வைத்த இரு பலகைகளைப் பின்னால் செருகி வைத்து, வண்டி நின்றபின் சாய்மானத்தை மடித்து மேலே விரித்துக்கொள்ளுமாறு செய்தோம். நீளம் 5 அடி 4 அங்குலம். அன்னையாருக்குத் தாராளம், நாம் படுத்தால் முழங்கால் மடங்கும். மூன்று அங்குல நுரைமெத்தை. அதன்மேல் அன்னையார் ஊரிலிருந்து கொணர்ந்த பத்தமடைப் பாய். ஓடும்போது அனைவரும் இருக்கையில் வார் பூட்டி அமர்வது, சன்னல் திரையைச் சுருட்டி வைப்பது, காஸ் அடுப்பு ஏற்றாதது ஆகிய மூன்றையும் வீட்டு விதியாக்கினோம். காப்பிக்கு வெந்நீர்க் குடுவை போதும்.

தை மாத இறுதியில், பனி பொழிந்து நான்கு நாள் கழிந்து, பாதை திறந்தது என்று கேட்டறிந்தபின் புறப்பட்டோம். சோலன் ஏற்றத்தில் இயந்திரச் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. ஆறு இடங்களில் நிறுத்தி அன்னையாரைக் கால் நீட்டிப் படுக்க வைத்தோம். இரவு சிம்லாவில் விடுதியறையில் தங்கி, மறுநாள் நண்பகலில் நார்கண்டாவை அடைந்தோம். சாலையோரத்துப் பனியை அன்னையார் இரு கைகளிலும் அள்ளி எடுத்தார்கள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “உன் அப்பா பார்த்திருக்கலாம்” என்றார்கள். கை விறைத்துப்போக, வண்டிக்குள் வந்து ஹீட்டரின் முன்னே நீட்டிக் காய்ந்தார்கள். சிறுமியும் பாட்டியின் கைக்கருகே தன் கையை வைத்துக்கொண்டாள். கீழே தரை உலர்ந்திருந்தது.

கணக்கையும் சொல்லிவிடுவோம். முதல் அலங்காரத்துக்கு 6,200 ரூபாய். அதில் பலகை, பஞ்சு, விரிப்பு ஆகிய 4,100 ரூபாய் குப்பைக்குப் போயிற்று. ஈயப்பற்று 500. புதிய பெட்டி 2,300, குழாயும் வளையமும் 800, கூலண்ட் 900, இரண்டாம் அலங்காரம் 9,400. ஆக மொத்தம் 20,100 ரூபாய். முறையாகச் செய்திருந்தால் 15,500-இல் முடிந்திருக்கும். வீணான 4,600 ரூபாயை நாம் பெரிதாக எண்ணவில்லை. பச்சை படிந்த அந்தச் சிறு விரல்களை நினைக்கும்போதுதான் இன்றும் நெஞ்சம் பதறுகிறது.

அன்னையார் சித்திரையில் ஊர் திரும்பிவிட்டார்கள். வண்டி நம்முடன் இருக்கிறது. ஞாயிறுதோறும் அந்த ஒரு சாண் பலகையைத் தூக்கி, விரலால் தடவிப் பார்த்து, உலர்ந்திருப்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே வேறு வேலைக்குச் செல்கிறோம். குளிர் முற்றுமுன் நேயர்களும் தத்தம் இல்லத்துக் கீசரையும் வண்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.